கடிதம் எழுதவைத்து ஆங்கிலம் கற்பிப்பது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தேர்வில் கடிதத்துக்கு 5 மதிப்பெண். அந்த ஐந்துக்காக நம் பிள்ளைகள் ஒரு கடிதத்தை உருப்போடுகிறார்கள். தெருவிளக்கு எரியவில்லை என்று மாநகராட்சி ஆணையருக்கு முறையிடும் கடிதம் அது. எழுதுகிற பிள்ளையின் ஊரோ பென்னாகரம் பக்கத்தில் ஒரு ஊராட்சி. அங்கே மாநகராட்சியும் இல்லை, ஆணையரும் இல்லை. அந்தக் கடிதம் யாருக்கும் போவதில்லை, அதற்குப் பதிலும் வருவதில்லை. தேர்வு முடிந்த மறுநாள் அதில் ஒரு வரி கூட நினைவில் நிற்பதில்லை.

தருமபுரி மாவட்டத்தில் அரசுப் பள்ளி ஆங்கில ஆசிரியையாக நான் கண்டது இதுதான்: பதில் வரும் என்று தெரிந்தால் பிள்ளைகள் எழுதுகிறார்கள். தப்பும் தவறுமாக எழுதினாலும் அடுத்த முறை சரியாக எழுத அவர்களே முயல்கிறார்கள். ஆகவே இந்த வழிகாட்டி முழுக்க ஒரே ஒரு விதியைச் சுற்றித்தான் நடக்கும். பதில் வராத கடிதத்தை எழுதச் சொல்லாதீர்கள்.

யாருக்கு எழுதுவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

இலக்கணமும் வடிவமும் அப்புறம். முதலில் ஆள் வேண்டும்.

நான் தொடங்கிய வருடம் ஒரு பையன் கேட்டான்: "டீச்சர், அவங்களுக்கும் தமிழ் தெரியும், எனக்கும் தமிழ் தெரியும், அப்புறம் எதுக்கு இங்கிலீஷ்ல எழுதணும்?" நியாயமான கேள்வி. பக்கத்து ஊர்த் தமிழ்வழிப் பள்ளிக்கு ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் அது நடிப்பு என்று பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடுகிறது.

இந்தக் கேள்விக்கு நம் இரண்டு மாவட்டங்களிலேயே பதில் இருக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் தெலுங்குவழி, கன்னடவழி அரசுப் பள்ளிகள் இருக்கின்றன. அந்தப் பிள்ளைகளும் தமிழ் படிக்கிறார்கள்தான். ஆனால் வீட்டில் பேசுவதும் பாடம் படிப்பதும் வேறு மொழியில். பென்னாகரத்துத் தமிழ்வழிப் பிள்ளையும் தளிப் பக்கத்துக் கன்னடவழிப் பிள்ளையும் எழுதிக்கொள்ளும்போது ஆங்கிலம் இருவருக்கும் சமமாகக் கடினம், சமமாகப் பயன். ஒருவர் இன்னொருவரை விட உயரத்தில் இல்லை. இதைவிட நல்ல ஏற்பாடு சென்னையில் தேடினாலும் கிடைக்காது.

இப்படிக் கடிதம் மாற்றிக்கொள்ள ஒரு துணைப் பள்ளியைப் பிடிப்பது பெரிய வேலை இல்லை. பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்திலோ ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவிலோ கேட்டால் எப்படியும் ஒருவர் அகப்படுவார். ஆர்வமுள்ள ஒரே ஒரு ஆசிரியர் போதும். அவரோடு பேசி இவற்றை முடித்துக்கொள்ளுங்கள்: எந்த வகுப்பு, எத்தனை பேர், எந்தெந்த வாரத்தில் யார் அனுப்புவது. காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளுக்கு முன்னால் உள்ள வாரங்களைத் தவிர்த்துவிடுங்கள். ஜூலை, ஆகஸ்டில் ஒரு சுற்று, அக்டோபர், நவம்பரில் ஒன்று, ஜனவரி, பிப்ரவரியில் ஒன்று என்று வருடத்துக்கு மூன்று சுற்று ஓடினால் தாராளம்.

தலைமை ஆசிரியரின் அனுமதியை முதலிலேயே வாங்குங்கள். பெற்றோருக்கும் சொல்லிவிடுங்கள். முகவரி பள்ளி முகவரியாக மட்டும் இருக்கட்டும், வீட்டு முகவரியும் கைபேசி எண்ணும் கடிதத்தில் கூடாது. பெண்பிள்ளைகளைப் பெண்பிள்ளைகளோடும் பையன்களைப் பையன்களோடும் இணைப்பதுதான் நம் ஊரில் நடைமுறைக்கு ஒத்துவரும். இல்லாவிட்டால் இரண்டாம் கடிதத்திலேயே யாராவது ஒரு தாத்தா பள்ளி வாசலில் வந்து நிற்பார். அவர் கோபத்திலும் பேத்தி மேல் அக்கறை இருக்கிறது.

முதல் இரண்டு வாரம்: உங்களுக்கே எழுதட்டும்

நேராக வெளியூருக்கு எழுதவிட்டால் பாதிப் பேர் பயத்தில் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதுவார்கள். அதனால் முதலில் வகுப்புக்குள்ளேயே ஒரு தபால்பெட்டி. செருப்புக்கடை அட்டைப்பெட்டியில் வாய் வெட்டி, சிவப்புத் தாள் ஒட்டினால் போதும். பிள்ளைகள் டீச்சருக்கு எழுதுவார்கள், டீச்சர் ஒவ்வொருவருக்கும் பதில் எழுத வேண்டும்.

பதில் எழுத நேரம் எங்கே என்று கேட்பீர்கள். என் வகுப்பில் 36 பேர். ஒரு நாளைக்கு 9 பேர் என்று பிரித்தேன், நான்கு நாளில் முடிந்தது. ஒரு பதில் மூன்று வரிதான். பிள்ளை சொன்னதைப் பற்றி ஒரு வரி, என்னைப் பற்றி ஒரு வரி, ஒரு கேள்வி. ஒரு கடிதத்துக்கு இரண்டு நிமிடம். கட்டுரை நோட்டு திருத்த ஆகும் நேரத்தில் இது பாதி கூட இல்லை.

இந்தப் பதிலில் ஒரு நுட்பம் இருக்கிறது, இந்த முறையின் உயிரே அதுதான். ஒரு பிள்ளை எழுதுகிறது: "யெஸ்டர்டே ஐ கோ டு சந்தை." சிவப்பு மையை எடுக்காதீர்கள். பதிலில் இப்படி எழுதுங்கள்: "ஸோ யூ வென்ட் டு த சந்தை யெஸ்டர்டே! ஐ வென்ட் தேர் லாஸ்ட் வீக். வாட் டிட் யூ பை?" பிள்ளை தவறாக எழுதிய அதே வாக்கியம், சரியான வடிவில், தனக்கே வந்த கடிதத்தில் இருக்கிறது. அதைப் பிள்ளை மூன்று முறையாவது படிக்கும், ஏனென்றால் அது டீச்சர் தனக்கென்று எழுதியது. சிவப்பு மையில் சுழித்த சொல்லை எந்தப் பிள்ளையும் மூன்று முறை படித்து நான் பார்த்ததில்லை. அடுத்த கடிதத்திலேயே "வென்ட்" வந்துவிடும் என்று சொல்ல மாட்டேன். சிலருக்கு மூன்றாவதில் வரும், சிலருக்கு ஆறாவதில். ஆனால் வந்தது நிற்கும்.

உங்கள் ஆங்கிலம் அப்பழுக்கில்லாமல் இருக்கவேண்டும் என்ற கவலை வேண்டாம். சின்ன வாக்கியமாக எழுதுங்கள். சந்தேகம் வந்தால் அகராதியைப் பாருங்கள், அதைப் பிள்ளைகள் பார்க்கும்படியே பாருங்கள்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும், இது என் தவறிலிருந்து வந்தது. ஒரு வருடம் முதல் நாளே "அப்பாவுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்" என்றேன். கடைசி பெஞ்சில் ஒரு பையன் பேனாவைத் திறக்கவே இல்லை. அவனுடைய அப்பா அந்தக் கோடையில் இறந்துபோயிருந்தார், நான் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. அன்றிலிருந்து யாருக்கு எழுதுவது என்பதைப் பிள்ளையே முடிவு செய்கிறது. நம் பகுதியில் எத்தனையோ பிள்ளைகளின் அம்மாவும் அப்பாவும் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போயிருக்கிறார்கள், பிள்ளைகள் பாட்டியிடம் வளர்கிறார்கள். கடிதம் என்றதும் அவர்களுக்கு மனதில் என்னவெல்லாம் வரும் என்பதை யோசித்துவிட்டுத் தலைப்பைக் கொடுங்கள்.

எழுதும் முன் பேசவிடுங்கள்

வெளியூருக்குப் போகும் முதல் கடிதத்துக்கு மூன்று பாடவேளை ஒதுக்குங்கள். முதல் பாடவேளையில் பேனாவே வேண்டாம். "தளியில் இருக்கிற ஒரு பிள்ளைக்கு நம் ஊரைப் பற்றி என்ன தெரிந்திருக்காது?" என்று கேளுங்கள். தமிழிலேயே கேளுங்கள், தமிழிலேயே சொல்லட்டும். ஒகேனக்கல் பரிசல், ஆடிப்பெருக்குக் கூட்டம், களி, வத்தல்மலைக் குளிர் என்று கரும்பலகை நிறைந்துவிடும். எதைச் சொல்வது என்பதைத் தமிழில் முடிவு செய்த பிள்ளைக்கு, எப்படிச் சொல்வது என்பது மட்டும்தான் ஆங்கிலத்தில் பாக்கி. இரண்டையும் ஒரே நேரத்தில் தலையில் ஏற்றினால்தான் கை நின்றுபோகிறது.

அப்புறம் அந்தச் சொற்களில் எதற்கு ஆங்கிலம் வேண்டும், எதற்கு வேண்டாம் என்று பிரியுங்கள். பரிசலுக்கு "கோரக்கிள்" என்ற சொல் இருக்கிறது, கற்றுக்கொடுங்கள். களிக்கு இல்லை. களியைக் களி என்றே எழுதிவிட்டு அடுத்த வாக்கியத்தில் விளக்கட்டும்: "களி இஸ் எ சாஃப்ட் பால். வி மேக் இட் வித் ராகி ஃப்ளவர்." இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஆங்கிலத்தில் மாவுக்கும் பூவுக்கும் உச்சரிப்பு ஒன்றுதான், எழுத்து வேறு. எங்கள் பிள்ளைகளில் நாலைந்து பேர் கேழ்வரகுப் பூவில் களி கிண்டிவிட்டார்கள். அந்த இரண்டு சொற்களின் எழுத்துக்கூட்டல் அதற்கப்புறம் அந்த வகுப்பில் யாருக்கும் தப்பியதில்லை. பதில் கடிதத்தில், "வி ஆல்ஸோ ஈட் இட். வி கால் இட் முத்தெ" என்று வந்தது. பிள்ளைகளுக்கு அது ஒரு கண்டுபிடிப்பு.

பலகையில் ஆறேழு வாக்கியத் தொடக்கங்களை எழுதிப்போடுங்கள்: "ஐ லிவ் இன்…", "நியர் மை ஹவுஸ் தேர் இஸ்…", "இன் தி ஈவ்னிங் வி…", "டூ யூ ஹேவ்… இன் யுவர் வில்லேஜ்?" இவை ஊன்றுகோல். இரண்டாம் சுற்றில் பாதியை எடுத்துவிடுங்கள், மூன்றாவதில் எதுவும் வேண்டாம்.

எட்டாம் வகுப்பு வந்தும் ஒரு ஆங்கில வரி எழுதத் தெரியாத பிள்ளை எல்லா வகுப்பிலும் உண்டு. அந்தப் பிள்ளை படம் வரையட்டும். வீடு, மாடு, புளியமரம் என்று வரைந்து, ஒவ்வொன்றின் கீழும் ஆங்கிலப் பெயரை எழுதட்டும். இல்லையென்றால் தமிழில் சொல்லச்சொல்லி நீங்கள் ஆங்கிலத்தில் எழுதிக்கொடுங்கள், பிள்ளை தன் கையெழுத்தில் பார்த்து எழுதட்டும். அதுவும் அவன் கடிதம்தான். பெட்டியில் மற்றவற்றோடு அதுவும் போகவேண்டும்.

இரண்டு வரைவு, ஒரே ஒரு பிழை

இரண்டாம் பாடவேளையில் முதல் வரைவு. பிழையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாதீர்கள். நான் கேட்பது ஒன்றுதான்: இதைப் படிக்கிற பிள்ளைக்கு உன்னைப் பற்றி என்ன தெரியும்? "ஐ ஆம் ஃபைன். ஹௌ ஆர் யூ?" என்று மட்டும் எழுதியிருந்தால் ஒன்றும் தெரியாது. உன் ஆடு குட்டி போட்டதை எழுது, அண்ணனோடு சண்டை போட்டதை எழுது.

மூன்றாம் பாடவேளையில் இரண்டாம் வரைவு. இதில் வகுப்பு முழுவதுக்கும் ஒரே ஒரு பிழையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வரைவுகளைப் படிக்கும்போதே எது அதிகம் பேரிடம் இருக்கிறது என்று தெரிந்துவிடும். நம் பிள்ளைகளின் பிழைகளில் பெரும்பாலானவை தமிழிலிருந்து வருபவை. அதனால் தமிழைக் காட்டியே திருத்தலாம், திருத்தவும் வேண்டும்.

"டு மீ டூ பிரதர்ஸ்" என்று ஒரு பிள்ளை எழுதினால் அது முட்டாள்தனம் இல்லை. "எனக்கு இரண்டு தம்பிகள்" என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றியிருக்கிறது. தமிழில் உடைமை "எனக்கு இருக்கிறது" என்று வரும், ஆங்கிலத்தில் "ஐ ஹேவ்" என்று வரும். இதை இப்படியே பலகையில் எதிரெதிராக எழுதுங்கள்.

"மை மதர் ஒர்க் இன் பெங்களூர்" என்பதும் அப்படித்தான். தமிழில் வினைச்சொல் ஆளுக்கு ஆள் வால் மாற்றும்: செய்கிறேன், செய்கிறாய், செய்கிறார், செய்கிறார்கள். ஆங்கிலத்தில் வால்களெல்லாம் உதிர்ந்துபோய், நிகழ்காலத்தில் அவன், அவள், அது என்ற ஒருமைக்கு மட்டும் "எஸ்" மிச்சம் இருக்கிறது. "நமக்கு இத்தனை வால், அவர்களுக்கு ஒரே ஒரு வால், அதையும் விட்டுவிடலாமா?" என்று கேட்டால் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே தங்கள் கடிதத்தில் "எஸ்" தேடுவார்கள். பெயருக்கு முன் வரும் "எ", "தி" நமக்கு இல்லாதவை, அது ஒரு வருடத்தில் தீராது. அதைப் பொறுமையாக விட்டுப்பிடியுங்கள்.

ஒரே பிழை என்றால் ஒரே பிழைதான். மற்றவை கண்ணை உறுத்தும், கை துறுதுறுக்கும். விட்டுவிடுங்கள். பிழையோடு கடிதம் போனால் எதிர்ப்பக்கப் பிள்ளைக்கு ஒன்றும் குறைந்துவிடாது, அந்தப் பிள்ளையின் கடிதமும் அப்படித்தான் வரும்.

தபால் நிலையம்

முகவரி எழுதுவதைத் தனிப் பாடமாகவே நடத்துங்கள். பின்கோடு நம் நாட்டில் வந்தது 1972 ஆகஸ்ட் 15 அன்று. ஆறு இலக்கம். முதல் இலக்கம் மண்டலம், நமக்கு 6. முதல் மூன்றும் சேர்ந்தால் தபால் பிரிக்கும் மாவட்டம், கடைசி மூன்றும் அஞ்சலகம். தருமபுரி 636701, பென்னாகரம் 636810, ஓசூர் 635109. இந்த மூன்றையும் பலகையில் எழுதி, எது எதோடு எங்கே ஒத்துப்போகிறது என்று கேட்டுப்பாருங்கள். எண்களை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்லும் பயிற்சியும் அதிலேயே முடிந்துவிடும்.

முதல் சுற்றுக்கு இன்லேண்ட் லெட்டர்தான் என் தேர்வு. ஒன்று 2 ரூபாய் 50 காசு, 36 பேருக்கு 90 ரூபாய். 50 காசு அஞ்சலட்டை இன்னும் மலிவு, இடமும் கொஞ்சம், அதனால் மெதுவாக எழுதும் பிள்ளைகளுக்கு நல்லது. ஆனால் வழியில் யாரும் படிக்கலாம் என்பதால் பிள்ளைகள் மனதில் உள்ளதை எழுதத் தயங்குகிறார்கள். இன்லேண்டை மடித்து ஒட்டும்போது அவர்கள் முகத்தில் ஒரு பெருமிதம் தெரியும். அதற்காகவே அந்த 90 ரூபாயைச் செலவு செய்யலாம். அடுத்த சுற்றுகளுக்கு எல்லாக் கடிதங்களையும் ஒரே பெரிய உறையில் போட்டு அனுப்பினால் தொலையும் பயம் குறைவு.

முடிந்தால் பிள்ளைகளைத் தபால் நிலையத்துக்கே கூட்டிப்போங்கள். போஸ்ட்மாஸ்டரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால் முத்திரை குத்துவதைக் காட்டச் சொல்லலாம். அக்டோபர் 9 உலக அஞ்சல் நாள், 1874-ல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் அஞ்சல் ஒன்றியம் தோன்றிய நாள். அதையொட்டிப் போனால் இன்னும் பொருத்தம். அஞ்சல் துறை ஆண்டுதோறும் கடிதம் எழுதும் போட்டி நடத்துகிறது, 18 வயது வரை உள்ளவர்களுக்குத் தனிப் பிரிவு உண்டு. உலக அஞ்சல் ஒன்றியத்தின் போட்டி 9 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கானது. விருப்பமுள்ளவர்கள் எழுதட்டும், எல்லோரையும் கட்டாயப்படுத்தவேண்டாம்.

பதில் வந்த நாள்

அன்றைக்கு வேறு பாடம் எதுவும் வைக்காதீர்கள். கடிதத்தைக் கொடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருங்கள். வாசிப்புப் பயிற்சி என்று நாம் தலைகீழாக நின்று நடத்துவது அந்தப் பத்து நிமிடத்தில் தானாக நடக்கும். புரியாத சொல்லுக்கு நம்மிடம் ஓடிவருவார்கள். உடனே பொருள் சொல்லாமல், அதற்கு முன்னும் பின்னும் உள்ள வரியை வாசிக்கச் சொல்லுங்கள். அப்புறம் அகராதி.

யாருடைய கடிதத்தையும் வகுப்பில் உரக்க வாசிக்காதீர்கள். அது அந்தப் பிள்ளைக்கு வந்தது.

இந்த முறையில் உடையக்கூடிய இடமும் இதுதான். 36 கடிதம் போய் 33 பதில்தான் வரும். வராத அந்த மூன்று பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இதற்கு முன்னேற்பாடு கட்டாயம் வேண்டும். அங்கே நன்றாக எழுதும் ஐந்தாறு பிள்ளைகள் கூடுதலாக ஒரு கடிதம் எழுதிவைக்கும்படி துணைப் பள்ளி ஆசிரியரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அதுவும் முடியாதபோது அன்றைக்கே நீங்கள் ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். நாளைக்கு என்று தள்ளாதீர்கள்.

பதிலுக்குப் பதில் எழுதுவதற்கு ஒரு விதி வைத்திருக்கிறேன்: வந்த கேள்விகளுக்கெல்லாம் விடை, புதிதாக இரண்டு கேள்வி. "டிட் யூ கோ இன் எ கோரக்கிள்?" என்று அங்கிருந்து கேட்டால் இங்கே இறந்தகாலத்தில் விடை சொல்லியே ஆகவேண்டும். இங்கிருந்து ஓசூர் ரோஜாத் தோட்டத்தைப் பற்றிக் கேட்க வேண்டுமானால் கேள்வி வாக்கியம் அமைக்கத் தெரிந்தாக வேண்டும். "டூ", "டஸ்", "டிட்" மூன்றையும் பலகையில் நான் எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். அவை படிந்தது இந்தக் கேள்விகளில்தான்.

முறையான கடிதம்

ஃப்ரம், டூ, சப்ஜெக்ட், சார் என்ற வடிவமெல்லாம் கடைசியில்தான் வரவேண்டும், மூன்றாம் சுற்றுக்குப் பிறகு. வாக்கியம் வந்துவிட்ட பிள்ளைக்கு வடிவம் இரண்டு பாடவேளை வேலை.

இங்கேயும் ஆள் நிஜமாக இருக்கட்டும். ஆனால் ஊராட்சித் தலைவருக்கும் வட்டாட்சியருக்கும் ஆங்கிலத்தில் எழுதவைக்காதீர்கள். நம் ஆட்சிமொழி தமிழ், தண்ணீர்க் குழாய்க்கான மனு தமிழில் போவதுதான் முறை. அதைத் தமிழாசிரியரோடு சேர்ந்து தமிழில் எழுதவையுங்கள். ஆங்கிலத்தில் எழுதவேண்டிய நிஜமான இடங்கள் வேறு இருக்கின்றன: ஆங்கில நாளிதழின் ஆசிரியர், வெளிமாநிலத்தில் இருக்கும் ஒரு அருங்காட்சியகம், அறிவியல் பாடத்தில் வந்த சந்தேகத்தைக் கேட்க ஒரு ஆராய்ச்சி நிறுவனம். எல்லாவற்றுக்கும் பதில் வராது என்பதால் வகுப்பாகச் சேர்ந்து ஒரே கடிதம் எழுதுங்கள், தனித்தனியாக வேண்டாம். நூலகத்துக்கு இன்ன புத்தகம் வேண்டும் என்று தலைமை ஆசிரியருக்கு எழுதுவது இன்னும் எளிது. பதில் எழுதுவதாக அவரிடம் முன்பே ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள்.

மதிப்பெண் போடுவது பற்றி

தனிப்பட்ட கடிதங்களுக்கு நான் மதிப்பெண் போடுவதில்லை. அனுப்பும் முன் ஒவ்வொரு கடிதத்தையும் கைபேசியில் படம் பிடித்துப் பெயர்வாரியாக வைத்துக்கொள்கிறேன். பிப்ரவரியில் ஜூலைக் கடிதத்தையும் கடைசிக் கடிதத்தையும் பக்கத்தில் வைத்துப் பிள்ளையிடமே காட்டி, என்ன மாறியிருக்கிறது என்று எழுதச் சொல்கிறேன். ஜூலையில் நாலு வரி எழுதிய பெண், பிப்ரவரியில் தாளின் ஓரத்தில் கூட நுணுக்கி எழுதியிருப்பாள். பெற்றோர் கூட்டத்தில் காட்ட இதைவிட நல்ல சான்று என்னிடம் இல்லை.

கடைசிச் சுற்று முடியும்போது, ஜூன் மாதம் யார் எந்தப் பள்ளிக்குப் போகிறார்கள் என்று ஒரு தாளில் எழுதி வாங்கிவையுங்கள். எட்டாம் வகுப்போடு பள்ளி மாறுகிறவர்களுக்குப் புதிய பள்ளியின் முகவரியைப் பின்கோடோடு எழுதித் துணைப் பள்ளிக்கு அனுப்பிவிடுங்கள். மேசை இழுப்பறையில் ஐந்து வெற்று இன்லேண்டும் இருக்கட்டும். விடுமுறை தொடங்கும் நாளில் யாராவது ஒரு பிள்ளை வந்து, "டீச்சர், ஒண்ணு கிடைக்குமா?" என்று கேட்கும்.